கிடைத்ததைக் காப்பதும் ஒரு வேலைதான்



சென்ற மாத நிர்வாகக் கூட்டத்துக்கு வந்த விண்ணப்பங்களில் ஒன்றைப் பார்த்ததும் எனக்கு எங்கோ பழகிய கையெழுத்தாகத் தெரிந்தது. பழைய பேரேட்டை எடுத்துப் புரட்டினேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நம் அறக்கட்டளையே தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்த குடும்பம் அது. சொந்தக் காலில் நிற்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அன்று இந்த மலரில் மகிழ்ச்சியோடு எழுதியவனும் நான்தான். அதே வீட்டிலிருந்து, அதே தையல் இயந்திரம் கேட்டு, மறுபடியும் ஒரு விண்ணப்பம்.

நேரில் போய்ப் பார்த்தேன். (அந்தச் சகோதரியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.) கணவர் கட்டிலில் படுத்திருந்தார். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறுகிறது.

"முன்னாடியே பிரஷர் இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு காக்கா. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க, ஒழுங்காத்தான் போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒருநாள் பார்த்துட்டு இப்ப நார்மலா இருக்குன்னு சொன்னாங்க. அதான் நல்லாயிட்டே, இன்னும் எதுக்கு மாத்திரைன்னு இவங்க நிறுத்திட்டாங்க."

மருத்துவச் செலவுக்கு முதலில் நகை அடகுக்குப் போனது. அடுத்தது ஆட்டோ. கடைசியில் தையல் இயந்திரம். எல்லாம் ஏழெட்டு மாதங்களுக்குள் முடிந்துவிட்டது.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு சகோதரர், "கொடுத்ததைக் காப்பாத்தத் தெரியலையே!" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் மனத்திலும் முதலில் அதுதான் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது, காப்பாற்றுவது என்பதை யார் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. சம்பாதிக்கச் சொல்லித் தருகிறோம், படிக்கச் சொல்லித் தருகிறோம், முன்னேறச் சொல்லித் தருகிறோம். இருப்பதை இருக்கும்படி வைத்துக்கொள்வது எப்படி என்பதற்கு ஒரு பாடமும் கிடையாது. அதனால் இந்த மாதம் அதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இரண்டு விதமான இலக்குகள்

மனோதத்துவ ஆய்வாளர்கள் மனிதனின் இலக்குகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். கையில் இல்லாத ஒன்றை அடைய வேண்டும் என்பது ஒன்று. வீடு கட்டுவது, வேலை கிடைப்பது, கடனை அடைப்பது, மகளைக் கல்லூரியில் சேர்ப்பது எல்லாம் இந்த வகை. கையில் இருப்பது குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. கட்டிய வீடு ஒழுகாமல் இருப்பது, மறுபடி கடன் வாங்காமல் இருப்பது, சேர்ந்த பெண் பட்டம் வாங்கும்வரை கல்லூரிக்குப் போவது, இறங்கிய ரத்த அழுத்தம் ஏறாமல் இருப்பது.

முதல் வகைக்கு ஒரு முடிவு நாள் உண்டு. வீடு குடிபுகுந்த அன்று பத்துப் பேர் வருவார்கள், ஹஜ்ரத் துஆ ஓதுவார், நெய்ச்சோறு ஆக்குவோம். இரண்டாவது வகைக்கு முடிவு நாளே இல்லை. இன்றைக்கு எங்கள் கூரை ஒழுகவில்லை என்று யாரும் நெய்ச்சோறு ஆக்கிப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நன்றாக நடந்தால் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். நாம் செய்த வேலையால்தான் ஒன்றும் நடக்கவில்லை என்பது யார் கண்ணுக்கும் தெரியாது, நம் கண்ணுக்கும் தெரியாது.

2018இல் ஸ்டமாடோஜியானாக்கிஸ், சட்டோபாத்யாய், சக்ரவர்த்தி என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு விசித்திரமான விஷயத்தை வெளியிட்டார்கள். இருப்பதை அப்படியே வைத்துக்கொள்வது கடினமா, இருப்பதைவிடக் கொஞ்சம் கூட்டுவது கடினமா என்று பார்த்தால், கணக்குப்படி கூட்டுவதுதான் கடினம். கூட்ட வேண்டுமென்றால் இருப்பதையும் காக்க வேண்டும், மேலே கொஞ்சம் சேர்க்கவும் வேண்டுமே! ஆனால் மக்களின் மனம் தலைகீழாகத்தான் மதிப்பிட்டது. கொஞ்சம் கூட்டுவது எளிதாகவும், காப்பது கடினமாகவும் தோன்றியது.

காரணம் இதுதான் என்கிறார்கள். கூட்ட வேண்டும் என்றால் இங்கிருந்து அங்கே என்று ஓர் இடைவெளி மனத்துக்குத் தெரிகிறது. இடைவெளி சிறியதாக இருந்தால், இவ்வளவுதானே என்று தோன்றுகிறது. காக்க வேண்டும் என்றால் இடைவெளியே இல்லை. அளந்து பார்க்க ஒன்றும் இல்லாததால் மனம் சுற்றுமுற்றும் பார்க்கிறது. என்னென்ன கெட்டுப்போகலாம் என்பதுதான் அப்போது கண்ணில் படுகிறது. நோய் வரலாம், வேலை போகலாம், விலைவாசி ஏறலாம். கொஞ்ச நேரத்தில் மலைப்பு வந்துவிடுகிறது.

எனக்கு இதைப் படித்ததும் நம் ஊர்ச் சபுராளிகள் நினைவுக்கு வந்தார்கள். பதினைந்து, இருபது வருஷம் வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்தவரிடம் இருக்கும் பணத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் சலிப்பாகப் பார்ப்பார். இன்னொரு கடை போடலாம் என்று சொன்னால் கண்ணில் வெளிச்சம் வந்துவிடும்.

இழப்பு வலிக்குமே, பிறகு ஏன் விட்டுவிடுகிறோம்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இழப்பு என்றால் மனிதனுக்கு அவ்வளவு வலிக்குமே! ஆமாம், வலிக்கும். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இருவர் 1979இல் எழுதிய ஆய்வு உலகப் புகழ் பெற்றது. நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் தொலைக்கும் வலி பெரியது என்பது அதன் சாரங்களில் ஒன்று. 1990இல் கானமன் வேறு இருவரோடு சேர்ந்து காபிக் கோப்பையை வைத்து ஒரு சோதனை செய்தார். மாணவர்களில் பாதிப் பேருக்குக் கோப்பை கொடுத்தார்கள். மீதிப் பேர் அதை விலைக்குக் கேட்கலாம். கோப்பை வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் கொடுக்கத் தயாரான விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில நிமிடங்களுக்கு முன் கைக்கு வந்த சாதாரணக் கோப்பைதான் அது. நம்முடையது என்று ஆனவுடன் விடுவதற்கு மனம் வரவில்லை.

அப்படியானால் நாம் எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டுமே. ஏன் அப்படி நடப்பதில்லை? நான் யோசித்தவரை, அந்தச் சோதனையில் இழப்பு கண்ணுக்கு நேரே, ஒரே தடவையில் நடக்கிறது. கோப்பை இருக்கிறது, கொடுத்தால் போய்விடும். நம் வீடுகளில் இழப்பு அப்படி வருவதில்லை. மாடித் தளத்தில் முடியளவு விரிசல் விடுகிறது. அடுத்த மழையில் ஓர் ஈரத்திட்டு. அதற்கு அடுத்த மழையில் அது கொஞ்சம் பெரிதாகிறது. ஒவ்வொரு நாளும் நேற்றைப்போலவே இருப்பதால், இழக்கிறோம் என்ற மணி மனத்துக்குள் அடிப்பதே இல்லை. காரை பெயர்ந்து விழும் நாளில்தான் அடிக்கிறது. ரத்த அழுத்தமும் இப்படித்தான் ஓசையில்லாமல் ஏறும். தலைவலிகூடப் பலருக்கு வராது.

பழகிப்போவது என்பதும் இருக்கிறது. பிரிக்மன், கேம்ப்பெல் என்ற இருவர் 1971லேயே இதைப் பற்றி எழுதினார்கள். எவ்வளவு நல்லது கிடைத்தாலும் சில காலத்தில் மனம் அதற்குப் பழகி, அதையே சாதாரணமாக எடுத்துக்கொள்ளும், அடுத்ததைத் தேடும் என்றார்கள். தையல் இயந்திரம் வந்த முதல் வாரம் அந்த வீட்டில் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள், நானே பார்த்தேன். ஆறு மாதம் போனால் அதுவும் ஒரு மேசை. எண்ணெய் போடுவது மறந்துபோகும். யாருடைய வீட்டிலும் இதுதான் நடக்கும், என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாத்திரையை நிறுத்தியவர் செய்த கணக்கு

இப்போது அந்த ஆட்டோ ஓட்டும் சகோதரரிடம் திரும்புவோம். அவர் செய்தது முட்டாள்தனம் என்று தோன்றலாம். 2003இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்களுக்கு மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று சொல்கிறது. படித்தவர்கள், பணம் உள்ளவர்கள், மருத்துவமனை பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அதில் அடக்கம்.

அலெக்சாண்டர் ராத்மன் என்ற ஆய்வாளர் 2000இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஒரு நல்ல பழக்கத்தைத் தொடங்க வைப்பது எதிர்பார்ப்பு. இதைச் செய்தால் இன்னின்ன நன்மை வரும் என்று நம்பித் தொடங்குகிறோம். அதைத் தொடர வைப்பது எதிர்பார்ப்பு அன்று, கையில் வந்த பலனைப் பார்த்து வரும் திருப்தி. செய்த பாட்டுக்கு இது தகும் என்று மனம் ஒத்துக்கொண்டால்தான் தொடர்கிறது.

இதை மாத்திரையோடு பொருத்திப் பாருங்கள். பிரஷர் 170 இருந்த நாளில் மாத்திரை போட்டால் இறங்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது, போட்டார். இறங்கியது. இறங்கிய பிறகு மாத்திரை தரும் பலன் என்ன? ஏறாமல் இருப்பது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரிவது மாத்திரைக்கான செலவும், சோர்வும், தினமும் நினைவு வைத்துக்கொள்ளும் தொல்லையும்தான். செலவு தெரிகிறது, பலன் தெரியவில்லை. யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் தோன்றும். "நார்மல்" என்று மருத்துவர் சொன்ன சொல்லுக்கு, மாத்திரையால் நார்மலாக இருக்கிறது என்று பொருள். அவர் காதில் நோய் போய்விட்டது என்று விழுந்தது. அந்த இடத்தில் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்ல யாரும் இல்லாமல் போய்விட்டார்கள். உயர் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை பெரும்பாலும் நோயைத் தீர்ப்பதில்லை, போடும்வரை அடக்கி வைக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் மறுபடி ஏறும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலோ வெடித்துவிட்டாலோ பக்கவாதம்.

ஏறும் வழி வேறு, சறுக்கும் வழி வேறு

கொடுத்ததைக் காப்பாற்றத் தெரியவில்லை என்ற பேச்சுக்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் அனிருத் கிருஷ்ணா என்பவருடைய ஆய்வில் இருந்தது. இவர் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து, பிறகு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். ராஜஸ்தானில் 35 கிராமங்களில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் 25 ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தன, இப்போது எப்படி இருக்கின்றன என்று ஊர் மக்களையே உட்கார வைத்து விசாரித்தார். அந்தக் காலத்தில் சுமார் 11 சதவீதக் குடும்பங்கள் வறுமையிலிருந்து வெளியே வந்திருந்தன. அதே காலத்தில் சுமார் 8 சதவீதக் குடும்பங்கள் புதிதாக வறுமைக்குள் விழுந்திருந்தன. ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்க, ஏறக்குறைய அதே அளவுக்கு இன்னொரு பக்கம் சறுக்கிக்கொண்டிருந்தது. குஜராத், ஆந்திரம், கென்யா, உகாண்டா, பெரு என்று பிறகு பல இடங்களிலும் பார்த்து, 2010இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

அவர் கண்டவற்றில் நம்மைப்போன்ற அறக்கட்டளைகள் சுவரில் எழுதி வைக்க வேண்டிய ஒன்று உண்டு. குடும்பங்கள் மேலே வந்ததற்கான காரணங்கள் வேறு, கீழே விழுந்ததற்கான காரணங்கள் வேறு. மேலே வந்தவர்கள் பெரும்பாலும் இன்னொரு வருமானம் தேடிக்கொண்டவர்கள். கீழே விழுந்தவர்களைத் தள்ளியதில் முதல் இடம் நோய்க்கும் அதன் செலவுக்கும். கல்யாணச் செலவு, மரணத்தையொட்டிய விருந்துச் செலவு, கந்துவட்டிக் கடன் ஆகியவை அடுத்து வருகின்றன. சோம்பலும் குடியும் காரணமாக இருந்த குடும்பங்கள் மிகச் சிலதான். பல வீடுகளில் ஒரே அடி இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று.

நம் அறக்கட்டளை இத்தனை வருஷமாகச் செய்தது என்ன? தையல் இயந்திரம், தள்ளுவண்டி, ஆட்டோவுக்கு முன்பணம், கல்லூரி முதலாண்டுக் கட்டணம். எல்லாமே ஏறுவதற்கான படிகள். சறுக்கும் பக்கத்தில் ஒரு கைப்பிடிகூட வைக்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்கிறோம். "இப்போது உங்களிடம் என்ன இருக்கிறது, எது போய்விடும் என்று பயமாக இருக்கிறது?" என்று கேட்டதில்லை. படிவத்தை எழுதியவன் நான். இதில் வேறு யாரையும் சொல்வதற்கில்லை.

கல்யாணச் செலவைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்த இதழ் போதாது. அதைத் தனியாகப் பேசிக்கொள்வோம்.

வாப்பாவும் மகனும்

இளைஞர்கள் இதைப் படித்துவிட்டு, அப்படியானால் புதிதாக ஒன்றும் முயலக் கூடாதா என்று கேட்பீர்கள். நியாயம்தான். பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மனித மேம்பாட்டு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2006இல் வெவ்வேறு வயதினரின் இலக்குகளை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். இளம் வயதினர் வளர்ச்சி நோக்கியும், வயதானவர்கள் இருப்பதைக் காப்பதை நோக்கியும் சாய்கிறார்கள். அது எதிர்பார்த்ததுதான். சுவையான பகுதி அடுத்தது. வயதானவர்களில் காப்பதில் கவனம் வைத்தவர்கள் மன நிறைவோடு இருந்தார்கள். இளைஞர்களில் இழப்பைத் தடுப்பதிலேயே கவனம் வைத்தவர்களுக்கு அந்த நிறைவு குறைவாக இருந்தது.

நம் வீடுகளில் தினமும் கேட்கும் சண்டை இதுதானே. "இருக்கிற வேலையை விடாதே" என்கிறார் வாப்பா. "இப்படியே இருந்து என்ன பண்றது?" என்கிறான் மகன். இருவரும் தத்தம் வயதுக்குச் சரியாகத்தான் பேசுகிறார்கள். சிக்கல் எப்போது வருகிறதென்றால், இருபத்தைந்து வயது மகனை வாப்பா தன் பயத்தால் கட்டிப்போடும்போதும், ஐம்பத்தைந்து வயதில் ஊர் திரும்பிய வாப்பா இருபத்தைந்து வயதுக்காரரைப்போல மொத்தப் பணத்தையும் தெரியாத தொழிலில் இறக்கும்போதும். இரண்டாவதற்கு நம் மஹல்லாவிலேயே உதாரணங்கள் உண்டு, எழுத வேண்டாம்.

காப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இல்லை. மேற்சொன்ன ஆய்வுக் குழுவில் இருந்த பால் பால்டெஸ், ஆர்தர் ரூபின்ஸ்டைன் என்ற பியானோ இசைக் கலைஞரைப் பற்றி அடிக்கடி சொல்வார். எண்பது வயதைத் தொட்டும் மேடையில் வாசித்தவர். எப்படி முடிகிறது என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று. வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார். குறைத்தவற்றை அதிகமாகப் பயிற்சி செய்தார். வேகமான பகுதி வருவதற்கு முன்னால் வேண்டுமென்றே மெதுவாக வாசித்தார், அடுத்து வருவது வேகமாகக் கேட்கும். எத்தனை யோசனை பாருங்கள், இருந்ததை இருந்தபடி வைத்துக்கொள்ள!

இந்த விஷயத்தில் நமக்கு வெளியே போய்க் கற்க வேண்டிய அவசியமும் அவ்வளவாக இல்லை. ஹிஃப்ளு மதரஸாவில் பிள்ளைகளைச் சேர்த்தவர்களுக்குத் தெரியும். மனனம் செய்து முடிக்க மூன்று, நான்கு வருஷம் ஆகலாம். முடித்த அன்று பட்டமளிப்பு, தலைப்பாகை, சால்வை. அதற்குப் பிறகு மறக்காமல் வைத்துக்கொள்வது ஆயுள் முழுக்க. நான் மதரஸாவில் ஓதிய காலத்தில் உஸ்தாத் புதுப் பாடத்தைவிடப் பழைய பாடத்தைக் கேட்பதில்தான் கண்டிப்பாக இருப்பார். நேற்றைய பாடம் நன்றாக இருந்தாலும் போன மாதத்து ஜுஸ்உவில் தடுமாறினால் புதுப் பாடம் கிடையாது. தினம் ஒரு ஜுஸ்உ என்று சுற்று வைத்தால் மாதத்தில் முப்பதும் ஒரு முறை வந்துவிடும். தனியாக ஓதினால் பிழை தெரியாது என்று கேட்பதற்கு ஓர் ஆளை உட்கார வைப்பார். வருஷத்துக்கு ஒரு முறை ரமலானில் தராவீஹ் தொழ வைக்க வேண்டும் என்ற பயம் வேறு. பின்னால் ஒரு ஹாஃபிழ் நின்று கேட்டுக்கொண்டிருப்பார், தவறினால் எடுத்துக் கொடுப்பார்.

இதில் எவ்வளவு ஏற்பாடு அடங்கியிருக்கிறது என்பது இந்த ஆய்வுகளைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முடிவில்லாத வேலையை மாதச் சுற்றாக வெட்டியிருக்கிறார்கள். சறுக்கல் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிக்கக் காது கொடுக்கும் ஆள் இருக்கிறார். இது உஸ்தாதுகள் மன உறுதியை மட்டும் நம்பி விடாததன் அடையாளம்.

அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஒரு பதிவேடு இதையே வேறு விதத்தில் சொல்கிறது. குறைந்தது 13.6 கிலோ எடையைக் குறைத்து, ஒரு வருஷமாவது ஏறாமல் காத்தவர்களைப் பதிவு செய்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்து வருகிறார்கள். பெரும்பாலானோர் தினமும் சுமார் ஒரு மணி நேரம் நடப்பது போன்ற உடற்பயிற்சி செய்கிறார்கள். நான்கில் மூன்று பேர் வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். குறைத்து முடித்த பிறகும் பார்க்கிறார்கள். ஒரு கிலோ ஏறும்போதே தெரிந்துவிடும், பத்துக் கிலோ ஏறும்வரை காத்திருப்பதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்

காப்பதற்கும் ஒரு தேதி கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. "உடம்பைப் பார்த்துக்கணும்" என்பது தேதியில்லாத பேச்சு. "மாதத்தில் முதல் ஜும்ஆ அன்று பிரஷர் பார்ப்பேன், தாளில் எழுதுவேன்" என்பது நடக்கக்கூடியது. எழுதிய எண்கள் வரிசையாக 130, 128, 132 என்று நிற்கும்போது, ஒன்றும் நடக்காதது போலத் தோன்றிய இடத்தில் நாம் செய்த வேலை கண்ணுக்குத் தெரியும். ராத்மன் சொன்ன அந்தத் திருப்திக்கு இதுவே போதும். மாத்திரை அட்டையில் ஐந்து மிச்சம் இருக்கும்போது வாங்கிவிடுவது என்று வைத்துக்கொண்டால், தீர்ந்துபோய் நாலு நாள் விட்டுப்போவதும் இருக்காது.

கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். வாப்பாவின் மாத்திரையை மகள் கேட்கட்டும், மகளின் கல்லூரி வருகையை வாப்பா கேட்கட்டும். உதவித்தொகையைப் புதுப்பிக்கும் தேதி தவறியதால் இரண்டாம் ஆண்டில் நின்றுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முதலாண்டுக்கு எவ்வளவு அலைந்தார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அலைந்திருந்தால் போதும்.

நோய்ச் செலவுதான் பெரிய சறுக்கல் என்பதால் இரண்டு அரசுத் திட்டங்களை இங்கே நினைவூட்டுகிறேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு ஓடாதீர்கள், இப்போதே போய் வாங்கி வையுங்கள். அடுத்து, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை நோயாளிகளுக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது. உங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வந்தால் நான் எழுதித் தருகிறேன்.

நம் பக்கத்திலும் சில மாற்றங்கள். விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கேள்வியைச் சேர்த்துவிட்டோம். இனி உதவி பெற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் போய் வருவார். கணக்குக் கேட்க இல்லை, எங்காவது ஈரம் கசிகிறதா என்று பார்க்க. கல்வி உதவியில் ஒரு பகுதியை இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கென்றே ஒதுக்குவது என்றும் கூட்டத்தில் முடிவாயிற்று. கொஞ்சம் வாக்குவாதத்துக்குப் பிறகுதான். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் குறையுமே என்று கேட்டவர்களின் கவலையும் நியாயமானதே. அடுத்த ஆண்டு கணக்கைப் பார்த்துவிட்டு மறுபடி பேசுவோம்.

அந்தச் சகோதரிக்குத் தையல் இயந்திரம் இந்த வாரம் போய்ச் சேர்ந்தது. அன்று "காப்பாத்தத் தெரியலையே" என்று சொன்ன சகோதரர்தான் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். காப்பீட்டு அட்டைக்கு மனு எழுதியாயிற்று. சுவரில் நம் அறக்கட்டளையின் காலண்டர் தொங்கியது. அதில் முதல் வெள்ளிக்கிழமைகளை எல்லாம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தான். வாப்பாவின் மாத்திரைப் பெட்டி அவன் பொறுப்பாம். இயந்திரத்துக்கு எண்ணெய் போடும் நாள் எது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அதையும் அன்னிக்கே வச்சுக்கிறேன் பெரியவாப்பா" என்றான்.